குந்து பெல்ஸ்

அன்றைக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் இருந்தவர்கள்: தெருப் பெரியவர், தறிப் பாவு அறுந்துபோன எதிர்வீட்டு மாமா, அவர் வீட்டு அத்தை, அறுத்த பையன், அவனுடைய அம்மா, எங்கள் நைனா, நான். சுவரோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையனின் கூட்டாளிகள் இரண்டு பேர். அவ்வளவுதான். தெருவே திரண்டு நின்றது என்று பிற்பாடு கதை கட்டியவர்கள் உண்டு. அது பொய். காலை வேளையில், கஞ்சி காய்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டிய நேரத்தில், எவன் பாவை விட்டுவிட்டு வருவான்? ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை.

நடுவில், சிமெண்டுத் தரையில், ஒரு பேண்ட் கிடந்தது. காப்பித்தூள் நிறம், டெரிகாட்டன், காலடி அகலம் இருபத்து நாலு அங்குலம். அதைத் தைத்தவள் நான். பேச்சு முழுக்க அந்தப் பேண்ட்டைப் பற்றித்தான் நடந்தது. போக இருந்ததோ என் தையல் மிஷின்.

ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் அதுதான் பாவு. விடிந்தும் விடியாததுமாய் அதைத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, நடுநடுவே கம்பு கொடுத்துத் தூக்கி நிறுத்தி, கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். முழங்காலுக்கு மேல் உயரத்தில் நிற்கும். அது நிற்கும்போது இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பக்கம் போக இரண்டே வழிதான். கோடிவரை நடந்து சுற்றிக்கொண்டு வரலாம். இல்லை என்றால் குந்தி, குனிந்து, அடியிலேயே நகர்ந்து அந்தப் பக்கம் எழுந்திருக்கலாம். காலைத் தூக்கித் தாண்டக் கூடாது. எங்கள் தெருவுக்கு மருமகளாக வருகிறவளுக்குச் சமையல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். பையன்களுக்கு யாரும் சொல்லித் தந்ததே இல்லை. தவழ்கிற காலத்திலேயே பாவுக்கு அடியில் போய்ப் பழகியவர்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். நைனாவின் தறியில் புடவைக் கரைக்கு ஊடை நூல் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று ஆனபிறகு பள்ளிக்கூடம் தானாக நின்றுபோனது. பிறகு தம்பி வளர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்தான். நான் சர்ச் வளாகத்தில் நடந்த தையல் வகுப்புக்குப் போனேன். அம்மா தன் வளையல்களை அடகு வைத்து, பெங்களூருக்குக் குடிபோன ஒரு டெய்லரிடமிருந்து கால் மிஷின் ஒன்றை வாங்கித் தந்தாள். அது வந்த நாளிலிருந்து எனக்குக் கவலையும் கூடவே வந்தது. ஊசி ஒடிந்தால்? பெல்ட் அறுந்தால்? மழைச்சாரல் அடித்துத் துருப் பிடித்தால்? அடகுக்காரர் வீட்டுக்கே வந்து நின்றால்? படுக்கப் போகும்முன் மிஷினுக்கு இரண்டு போர்வை போர்த்துவேன். எனக்கு ஒன்று. ஆனால் ஒன்று சொல்வேன்: துணியில் கத்தரியை வைத்துவிட்டால் எனக்குக் கை நடுங்கியதே கிடையாது. கவலையெல்லாம் வெட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும்தான்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் பையன்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிடப் பேண்ட்டைச் சொல்லிக் கூப்பிட்டதுதான் அதிகம். காலோடு ஒட்டிய பேண்ட் போட்டுத் திரிந்த பழைய ஆட்கள் ‘குழாய்’. அவர்களுக்கு அப்போதே கல்யாணமாகி இடுப்பில் பிள்ளை இருந்தது. இருந்தாலும் “அந்தக் குழாயைக் கூப்புடு” என்றால் யார் என்று தெரியும். அடுத்து வந்தவர்கள் பெல்பாட்டம் போட்ட பெல்ஸ் பார்ட்டி. இடுப்பிலும் தொடையிலும் தோல் மாதிரி ஒட்டி, முழங்காலுக்குக் கீழே குடை விரிந்த மாதிரி பேண்ட். பெரியவர்கள் இவர்களுக்கு வைத்த பேர் ‘தெருக்கூட்டி’. “தெருக்கூட்டி வருது, ஆயா, இனிமே நீ துடைப்பம் எடுக்க வேணாம்” என்று திண்ணைக்குத் திண்ணை கேலி. முதலில் பையன்களுக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவர்களே அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். “நாங்க தெருக்கூட்டி கோஷ்டிடா” என்று சைக்கிள் மட்கார்டில் எழுதி வைத்தவனும் உண்டு.

அதற்குள்ளும் ஜாதி இருந்தது. தோள்பட்டைவரை நீண்ட காலர் வைத்தவன் ‘நாய்க்காது’. முடியைக் காதுக்கு மேல் இறக்கி விட்டவன் ‘காதுமூடி’. பெல்ஸோடு இந்த இரண்டும் சேர்ந்தால் ‘ஃபுல் செட்’. புதுத் துணிக்கு வக்கில்லாமல் பழைய பேண்ட்டின் பக்கத் தையலைப் பிரித்து, முக்கோணமாய் ஒரு துண்டு வைத்துக் காலை அகலமாக்கிக்கொண்டவன் ‘ஒட்டு’. இவன் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எப்போதும் அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டியே நிற்பான். தறிக்காரர்களுக்கு அமாவாசை அன்றைக்குத்தான் லீவு. மற்ற நாளெல்லாம் லுங்கியில் தறிக்குழியில் உட்கார்ந்துவிட்டு அன்றைக்கு மட்டும் பேண்ட் மாட்டுகிறவன் ‘அமாவாசை பெல்ஸ்’. இதைச் சொன்னால் சண்டை வரும். எல்லாருக்கும் மேலே ‘பல்லு பெல்ஸ்’. பேண்ட்டின் அடி தரையில் இழுபட்டுத் தேயும் இல்லையா, அதற்காக அடியைச் சுற்றிப் பித்தளை ஜிப் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். தேயாமலிருக்க வந்த ஜிப், கொஞ்ச நாளில் பளபளப்புக்காகவே என்று ஆகிவிட்டது. நடக்கும்போது ஜிப்பின் பல் தெரிய வேண்டும்.

பெண்களுக்கும் பேர் வைத்திருந்தார்கள். தோளில் பஃப் வைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டால் ‘பூசணிக்கை’. நானே பூசணிக்கைதான். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் என் பூசணிக்கையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஜாக்கெட் தைக்க வந்தார்கள்.

பையன்கள் பேண்ட் தைக்க என்னிடம் வந்ததற்குக் காரணம் ஷோக்கு அல்ல, கூலி. பஜார் டெய்லர் கேட்டதில் முக்கால்வாசிதான் நான் வாங்குவேன். அவர்கள் என் வாசலுக்கு வரக்கூடாது, அது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அக்கா தங்கச்சி வழியாக ஓர் அளவுப் பேண்ட் வரும், கூடவே வாய்மொழியாகக் கட்டளை வரும். “அண்ணன் தொடையில இன்னும் டைட்டா கேக்குது.” “காலரு நாய்க்காதுன்னா காது தோள்ல படணுமாம்.” ஒரு பையனின் காலில் இஞ்சு டேப் வைத்தது கிடையாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

காப்பித்தூள் பேண்ட்டும் அப்படித்தான் வந்தது. தெருமுனை வீட்டுப் பையன். பதினேழு வயதிருக்கும். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா வீடுவீடாகப் போய்ப் பட்டு நூலைச் சுற்றி இழைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். அவன் அக்காவும் நானும் ஒரே வகுப்பில் படித்து ஒரே சமயத்தில் நின்றவர்கள். அவள்தான் அளவு கொண்டுவந்தாள். “தொடையில ஒரு விரல் கூட போவக்கூடாதாம்.”

“ஏன்டி, அவன் குந்த வேணாமா? சோறு திங்க உக்கார வேணாமா?” என்றேன்.

வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். “குந்துனா அது பெல்ஸே இல்லயாம். நின்னுகினே திம்பானாம்.”

தைத்துக் கொடுத்தேன். அடியில் ஜிப்பும் வைத்தேன். நல்ல தையல்.

அந்தக் காலையில் எதிர்வீட்டு மாமா தெருவில் பாவு போட்டிருந்தார். அரக்குக் கலர். நல்ல ஜரிகைப் புடவைக்கு உள்ளது. பட்டு அவருடையது அல்ல, முதலாளி கொடுத்தது. பையனுக்கு வேலூருக்குப் பஸ். புதுப் படம், முதல் நாள், முதல் காட்சி. கூட்டாளிகள் இருவரும் பாவுக்கு அந்தப் பக்கம் சைக்கிளோடு நின்று “ஜல்தி வாடா, பஸ்ஸு போயிடும்!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெரிந்தது.

பையன் பாவு ஓரம் வந்து நின்றான். பழக்கதோஷத்தில் குந்தப் போனான். பாதிக்குமேல் முழங்கால் மடங்கவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தவன் மாதிரி, நின்றான். நிமிர்ந்தான். கோடிவரை ஒருமுறை பார்த்தான். சுற்றிக்கொண்டு போனால் பஸ் போய்விடும். பிறகு, நான் சாகிறவரை மறக்க மாட்டேன், வலது காலைத் தூக்கித் தாண்டினான்.

வலது கால் போய்விட்டது. இடது காலில் அந்த இருபத்து நாலு அங்குலமும் பாவின் மேல் பரந்து உட்கார்ந்துகொண்டது. ஜிப்பின் பல் பட்டு இழையைக் கவ்விக்கொண்டது. அவன் அது தெரியாமல் ஓர் எட்டு வைத்தான். தெரிந்ததும் பயத்தில் காலை உதறினான். அதுதான் கெட்டது. ஒரு கம்பு சாய்ந்தது, பக்கத்துக் கம்பு சாய்ந்தது, ஈரக்கஞ்சியோடு பாவு மண்ணில் படுத்தது. பட்டு அறும்போது சத்தமே போடாது. சத்தம் போட்டது மாமாதான்.

நான் மிஷினிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. முதல் நினைப்பு என்ன தெரியுமா? அந்தப் பையன் பிழைப்பானா என்பதல்ல, பாவு போச்சே என்பதுகூட அல்ல. ‘ஜிப் வைத்தது நீதானே?’ இதைத்தான் எல்லாரும் கேட்கப் போகிறார்கள் என்று.

கேட்டார்கள்.

பெரியவர் கோயில் படியில் உட்கார்ந்தார். பையனின் இடுப்பில் யாரோ கொடுத்த லுங்கி. பேண்ட் நடுவில் கிடந்தது. அதன் பல்லில் அரக்குக் கலர் இழைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

“நூறு, நூத்தி இருவது ரூபா நஷ்டம்ங்க,” என்றார் மாமா. “முடிச்சுப் போட்டு எடுத்தாலும் ஒரு பொடவை போச்சு. முதலாளிக்கு நான் இன்னா சொல்றது? பெல்ஸு கடிச்சிச்சின்னா சொல்றது?”

சுவரோரம் இருந்த கூட்டாளிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அத்தோடு சரி.

பெரியவர் பையனின் அம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பேசினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கும் வேறு வழி இல்லை. “எங்கிட்ட ஏதுங்க அவ்ளோ? நான் இழைக்கிற கூலி அரிசிக்கே பத்தல. அவன் ஆடறான், வயசு அப்படி, சினிமா பார்த்துக் கெட்டுப்போச்சி. தைச்சுக் குடுத்தவளுக்குப் புத்தி வேணாமா? தறிக்காரன் வூட்ல பொறந்த பொண்ணுதானே அவ? பாவு போடுற தெருவுல ஜிப்பு வெக்கலாமா? வயசுப் பொண்ணு, ஆம்பளப் பையன் தொடைய அளந்து…”

“அளந்தாளா?” என்று அத்தை நடுவில் புகுந்தாள். “நீ பார்த்தியா? உன் பொண்ணுதானே அளவுப் பேண்ட்ட தூக்கிகினு தெனமும் எங்க எதிர்ல போயிகினு இருந்தா. அதையும் சேர்த்துச் சொல்லு.”

பாவு போனது அத்தைக்கு. ஆனால் எனக்காகப் பேசியதும் அவள்தான். அவளுக்கு என்மேல் பிரியம் என்று நினைக்க வேண்டாம். பொய் பொறுக்காது அவளுக்கு, அவ்வளவுதான்.

“பாதிப் பாதி,” என்றார் பெரியவர். “பாதி பையன் வூடு. பாதி தைச்ச வூடு. அறுத்தது ஒருத்தன்னாலும் கத்தி குடுத்தது ஒருத்தர்.”

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அவர் பெரியவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. “அறுவது ரூபாய்க்கு எங்ககிட்ட இன்னா இருக்குது,” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். “அந்த மிஷின்தான் இருக்குது.”

“அதை வித்துடு,” என்றார் பெரியவர், மிகச் சாதாரணமாக, ‘கதவைச் சாத்து’ என்று சொல்கிற மாதிரி. “பொட்டப்புள்ளைக்கு பேண்ட்டு தைக்கிற வேலை எதுக்கு? தறியில உக்காரட்டும்.”

வளையல் அடகில் இருக்கிறது. மிஷின் போனால் வளையலும் திரும்பாது. நான் மறுபடி கரைக்கு நாடா தள்ளுவேன், கல்யாணம் ஆகிறவரை, அதற்குப் பிறகு இன்னொரு வீட்டுத் தறியில். இதெல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் ஓடியது. கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி: எல்லாக் கெட்டதையும் நாங்கள் ஏற்கெனவே ஒருதரம் பார்த்துவிட்டிருப்போம், அதனால் நிஜமாக வரும்போது வாயடைத்துப் போகாது.

“ஐயா, ஒரு வார்த்தை,” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. நைனா என் கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டேன். “ஜிப்பு பிடிச்சது உண்மை. ஆனா ஜிப்பு பிடிக்கறதுக்கு முன்னால இவன் ஏன் தாண்டினான்? அதைக் கேளுங்க.”

பெரியவர் பையனைப் பார்த்தார். “ஏன்டா தாண்டின? பொறந்ததுலேர்ந்து குந்திப் போனவன்தானே?”

பையன் தரையைப் பார்த்தான். “குந்த முடியலங்க.”

“குந்த முடியலன்னா?”

“தொடையில பிடிச்சிச்சுங்க.”

“பாத்தீங்களா, தைச்சது சரியில்ல,” என்றாள் அவன் அம்மா.

“தைச்சது சரி,” என்றேன். “அவன் கேட்டதைத்தான் தைச்சேன். குந்தணுமேன்னு நான் கேட்டேன், குந்துனா பெல்ஸே இல்லன்னு சொல்லியனுப்பிச்சான். அவனைக் கேளுங்க.”

“சொன்னேங்க,” என்றான் பையன். அவனை நான் அன்றைக்கு மனசுக்குள் மெச்சினேன். மறுத்திருக்கலாம்.

“என் தையல் தப்புன்னா மிஷினை எடுத்துக்குங்க,” என்றேன். “ஆனா தோ, ரெண்டு பேரு நிக்கிறாங்க. ஒருத்தன் போட்டுனு இருக்கறது வேலூர்ல பெரிய கடையில தைச்சது. இன்னொருத்தன்து மெட்ராஸ்லேர்ந்து மாமா அனுப்பின ரெடிமேட். நான் தொடல. அவங்களைக் குந்தச் சொல்லுங்க.”

பெரியவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். “டேய். வாங்கடா இங்க. குந்துங்க.”

“நாங்க எதுக்குங்க…”

“குந்துடான்னா!”

சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு பேரும் வந்தார்கள். வேலூர்ப் பேண்ட்காரன் கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக இறங்கினான். பாதியில் நின்றுவிட்டான். முகம் சிவந்தது. “இதுக்குமேல போவாதுங்க.” மெட்ராஸ்காரன் கொஞ்சம் திமிர் பிடித்தவன், அழுத்திக் குந்திப் பார்த்தான். பின்னால் ‘டர்’ரென்று ஒரு சத்தம். இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டான்.

முதலில் சிரித்தது மாமா. நூற்றிருபது ரூபாய் போன மனுஷன், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது. அதனால்தான் தெருவே கூடியிருந்தது என்று கதை கட்டினார்கள் போலிருக்கிறது.

“அப்போ இன்னாங்க,” என்றாள் அத்தை, “வேலூர்க்காரன் மிஷினையும் வித்துடலாமா? மெட்ராஸ்காரன் மிஷினையும்? லாரி வெச்சுத்தான் எடுத்தாரணும்.”

பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, அதை அடக்குவதற்காகத்தான் தடவினார் என்று நினைக்கிறேன். “ஏம்மா,” என்றார் என்னைப் பார்த்து. இந்தத் தடவை ‘பொட்டப்புள்ள’ இல்லை. “குந்தற மாதிரி பெல்ஸு தைக்க முடியுமா?”

இந்தக் கேள்விக்கு எனக்கு இரண்டு பதில் இருந்தது. நிஜமான பதில்: தெரியாது, தைத்துப் பார்த்ததில்லை. வாயில் வந்த பதில்: “முடியுங்க.”

“அப்ப சரி,” என்று எழுந்தார். “நஷ்டம் பையன் வூட்டுது. அவன் அம்மா மாமாவுக்குக் கூலியில்லாம இழைச்சுக் கொடுத்துக் கழிக்கட்டும். பையனும் கூட நிக்கட்டும், சினிமா தானா கொறையும். மிஷின் இருக்கட்டும். ஆனா இந்தத் தெருவுல எவன் பெல்ஸு போட்டாலும் குந்தணும். குந்த முடியாத பேண்ட்டோட பாவுகிட்ட வந்தா நானே கத்தரி எடுத்துக்கினு வருவேன். ஜிப்பும் வேணாம். இருக்கிற பேண்ட்டெல்லாம் இந்தப் பொண்ணு சரி பண்ணித் தரட்டும், காசு இல்லாம. அதுதான் அவளுக்குத் தண்டனை.”

காசு இல்லாமல் என்றதும் தெருவில் எத்தனை பேண்ட் என்று மனசுக்குள் எண்ணினேன். ஆனாலும் மிஷின் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

அடுத்த கவலை உடனே தொடங்கிவிட்டது: முடியும் என்று சொல்லிவிட்டேனே, எப்படி? தொடையைத் தளர்த்தினால் பையன்கள் போட மாட்டார்கள். ‘பைஜாமா’ என்று பட்டம் வந்துவிடும். போடவே இல்லை என்றால் பெரியவர் மறுபடி கூப்பிடுவார். தம்பியின் பழைய பேண்ட் ஒன்றைப் பிரித்துப் போட்டு, நாலு தையலும் சந்திக்கிற கவட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழிகிற இடம் அது, மெட்ராஸ்காரன் காட்டிக்கொடுத்தானே. அங்கே சாய்சதுரமாய் ஒரு சின்னத் துண்டு வைத்தேன், துணியைக் குறுக்கு வாட்டில் வெட்டி. நிற்கும்போது தெரியாது, குந்தினால் அது விரிந்து கொடுக்கும். தொடை அப்படியே பிடித்த மாதிரி இருக்கும். தம்பியை மாட்டச் சொன்னேன். குந்தினான், எழுந்தான், குந்தினான். “எக்கா, இதுல கோலி கூட ஆடலாம்!”

அதற்குப் பிறகு எங்கள் வாசலில் ஒரு வேடிக்கை வழக்கமானது. பையன்கள் என் வாசலுக்கு வரக்கூடாது என்ற சட்டம் மாறவில்லை. அதனால் பேண்ட்டை வாங்கி மாட்டிக்கொண்டு தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று குந்திக் காட்ட வேண்டும். நான் ஜன்னலிலிருந்து பார்த்துத் தலையாட்டினால் சரி. ‘குந்து பரீட்சை’ என்று பேர் வைத்தார்கள். மாமா தன் வேலையை விட்டுவிட்டு வந்து மார்க் போடுவார். “டேய், உனக்கு முப்பத்தஞ்சு. ஜஸ்ட்டு பாஸு.”

முதலில் ஏளனமாகத்தான் பேசினார்கள். எங்கள் தெருப் பையன்கள் பஜார் பக்கம் போனால், “குந்து பெல்ஸு வர்றான் பாரு” என்று கூவுவார்கள். பையன்கள் வந்து என்னிடம் சண்டை போட்டார்கள், தங்கச்சிகளை அனுப்பித்தான். ஆனால் சேவூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. எங்கள் பையன்கள் சட்டென்று உட்கார்ந்து இலையைப் போட்டுக்கொண்டார்கள். மற்றத் தெருத் தெருக்கூட்டிகள் தூணில் சாய்ந்து நின்றுகொண்டே, இலையைக் கையில் ஏந்தி, சாம்பார் முழங்கை வழியாக வழியத் தின்றார்கள். அன்றைக்கோடு ஏளனம் திசை மாறியது. நிற்கிறவனுக்குப் பேர் ‘தூண்’. குந்துகிறவன் மேல்ஜாதி ஆனான்.

தெள்ளாரிலிருந்துகூட ஒருவன் அக்காவை அனுப்பினான். பஜார் டெய்லர் ஒருவர் எங்கள் தெருப் பையன் ஒருவனின் பேண்ட்டை இஸ்திரிக் கடையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுவாரமே ‘இங்கு குந்து பெல்ஸ் தைக்கப்படும்’ என்று அட்டை மாட்டினார். நான் கோபப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ராத்திரியெல்லாம் புரண்டேன். ஆனால் அவர் சாய்சதுரத்தை நேர் வாட்டில் வெட்டினார். மாசத்துக்குள் கிழிந்துபோன பேண்ட்டுகள் என்னிடமே வந்தன. அதற்கெல்லாம் காசு வாங்கினேன். பெரியவர் சொன்ன இலவசம் எங்கள் தெருவுக்குத்தானே. அடகிலிருந்து வளையல் திரும்பியது அந்தக் காசில்தான்.

எண்பதுகள் வந்ததும் பெல்ஸ் போனது. ஒரே தீபாவளியில் போன மாதிரி இருந்தது. அப்புறம் ‘பேகி’ வந்தது, இடுப்பில் மடிப்பு மடிப்பாய், பை மாதிரி. யார் வேண்டுமானாலும் குந்தலாம். தலையில் முன்பக்கம் மேடு கட்டிப் பின்பக்கம் வழித்துவிட்டு ‘பங்க்’ என்றார்கள்; எங்கள் தெரு அதற்கு ‘சேவக்கொண்டை’ என்று பேர் வைத்தது. பெண்களில் வடநாட்டு டிரஸ் போட்டுக்கொண்டவள் ‘பஞ்சாபி’ ஆனாள். ஆரணியைத் தாண்டியறியாதவள், பஞ்சாபி. எல்லாவற்றையும் நான் தைத்திருக்கிறேன். எதுவும் எனக்குக் காப்பித்தூள் பேண்ட் மாதிரி ஆகவில்லை.

அந்தப் பையன் எப்படியோ அந்த நஷ்டத்தைக் கழித்தான். மாமா வீட்டிலேயே நின்று, பாவு போடும் வேலை முழுக்கக் கற்றுக்கொண்டு, பின்னால் அந்தத் தெருவின் நம்பர் ஒன் பாவுக்காரன் ஆனான். ஒரு தரம்கூட அறுத்ததில்லை. பாவு நிற்கும்போது பக்கத்தில் யாராவது பேண்ட்டோடு வந்தால், “ஏய், தள்ளு! கால தூக்காத!” என்று அவன்தான் முதலில் கத்துவான்.

அவன் அம்மாவோடு மட்டும் அன்றைக்குக் கோயில் வாசலிலேயே எனக்கு ஒரு கணக்கு நின்றுபோனது. எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். மாமா பேண்ட்டைத் தூக்கிப் பல்லிலிருந்த இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் மிஷின் பிழைத்துவிட்டது என்ற தைரியத்தில் நான் அந்த அம்மாவிடம் போனேன். நைனா “வேணாம்மா, வா” என்றார். நான் கேட்கவில்லை.

“பெரியம்மா, தைச்ச கூலி பாக்கி இருக்குதே.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பாவுக்கே வழியில்லாம நிக்கிறேன், இவளுக்குக் கூலியாம்!”

“தையல் தப்பில்லன்னு பெரியவரே சொல்லிட்டாரே,” என்றேன். “தப்பில்லாத தையலுக்குக் கூலி உண்டுதானே? அவசரமில்ல. முடியறப்ப குடுங்க.”

“குடுக்கிறேன், குடுக்கிறேன். பேஜார் பண்ணாத,” என்று சொல்லிவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போனாள்.

பேகி காலத்தில் ஒருமுறை அந்தப் பையனே கேட்டான், தன் மகனுக்கு நிக்கர் தைக்கத் துணி கொண்டுவந்தபோது. இப்போது அவனுக்கு வாசலுக்கு வர உரிமை உண்டு. எனக்கும் கல்யாணமாகி அதே தெருவில் இன்னொரு வீடு. “எக்கா, அந்தக் காப்பிக் கலருக்கு நான் பாக்கியா?” “ஆமாம்” என்றேன். “இதோட சேர்த்துக் குடுத்துடறேன்க்கா” என்றான். நிக்கருக்கு மட்டும் கொடுத்தான்.

பேசிய கூலி எட்டு ரூபாய். அவன் அக்கா முன்பணமாக இரண்டு கொண்டுவந்தாள். இன்றுவரை பாக்கி, ஆறு ரூபாய்.